ஒரே ஆல்பம், மூன்று தீர்ப்புகள்: கேசி மஸ்கிரேவ்ஸின் ‘ஸ்டார்-கிராஸ்ட்’ கன்ட்ரி இசையா?

2021 அக்டோபரில் அமெரிக்க இசைத்துறையில் எழுந்த ஒரு சர்ச்சை, செய்தியை மேலோட்டமாகப் படித்தவர்களுக்குப் புதிராகவே இருந்தது. டெக்சஸைச் சேர்ந்த பாடகி கேசி மஸ்கிரேவ்ஸ் அந்த ஆண்டு செப்டம்பர் 10 அன்று ‘ஸ்டார்-கிராஸ்ட்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். பில்போர்டு இதழின் கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் அது முதலிடத்தில் நுழைந்தது. சில வாரங்கள் கழித்து, கிராமி விருதுகளை வழங்கும் ரெக்கார்டிங் அகாடமி அதே ஆல்பத்தைச் சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான போட்டியில் சேர்க்க முடியாது என்று சொல்லிப் பாப் பிரிவுக்கு மாற்றியது. அதோடும் நிற்கவில்லை, அந்த ஆல்பத்தில் உள்ள ‘கேமரா ரோல்’ என்ற பாடல் மட்டும் கன்ட்ரி பாடல்தான் என்று அதே அகாடமி ஏற்றுக்கொண்டது.

ஆக, முழு ஆல்பமும் கன்ட்ரி என்றது ஒரு தீர்ப்பு. இல்லை என்றது இன்னொன்று. ஒரு பாடல் மட்டும் கன்ட்ரி என்றது மூன்றாவது. மூன்றும் ஒரே நேரத்தில் எப்படிச் செல்லுபடியாகின்றன என்பதையும், இவற்றுக்கு வெளியே நின்று கேட்ட ரசிகர்கள் ஏன் பிளவுபட்டார்கள் என்பதையும் அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

கன்ட்ரி என்ற சொல் எதைக் குறிக்கிறது

கன்ட்ரி இசையை ‘நாட்டுப்புற இசை’ என்று தமிழில் எழுதுவது பாதி தவறு. அமெரிக்கத் தென்மாநில மலைப்பகுதிகளின் பாடல் மரபிலிருந்து அது கிளைத்தது உண்மை. ஆனால் நாம் இன்று கன்ட்ரி என்று அழைப்பது, தொடக்கம் முதலே இசைத்தட்டு நிறுவனங்கள் பதிவுசெய்து, பெயரிட்டு, விற்ற வணிக இசை. 1927-இல் டென்னசி–வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டல் என்ற ஊரில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் நடத்திய ஒலிப்பதிவுகளில்தான், கன்ட்ரியின் முதல் நட்சத்திரங்களான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராஜர்ஸும் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டார்கள். அந்தக் காலத்தில் வெள்ளையர்களுக்கு விற்கப்பட்ட தட்டுகளுக்கு ‘ஹில்பில்லி’ என்றும், கறுப்பர்களுக்கு விற்கப்பட்ட தட்டுகளுக்கு ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்றும் நிறுவனங்கள் பெயர் வைத்தன. ஒரே ஊரில் ஒரே மாதிரி வாசித்த இரண்டு கலைஞர்கள் தோலின் நிறத்தால் இரண்டு அலமாரிகளில் வைக்கப்பட்டார்கள். இசை வகை என்ற சொல்லுக்குள் விற்பனைக் கணக்கும் சமூகக் கணக்கும் அன்றே கலந்துவிட்டன.

எனவே ‘கன்ட்ரி’ என்று ஒருவர் சொல்லும்போது, அவர் கீழ்க்கண்ட நான்கில் எதைச் சொல்கிறார் என்று கவனிக்க வேண்டும்.

1. ஒலி: பெடல் ஸ்டீல் கிட்டார் (மிதிகளால் சுருதியை வளைத்து இழுக்கும் கிட்டார்), பேஞ்சோ என்ற தந்தி வாத்தியம், ஃபிடில் (கிராமிய பாணியில் வாசிக்கும் வயலின்), மூக்கொலி கலந்த தெற்கத்திய உச்சரிப்பு.
2. பாடல் எழுதும் முறை: தெளிவான கதை, அன்றாடப் பொருள்கள், கடைசி வரியில் வந்து விழும் சொல்விளையாட்டு.
3. தொழில் வட்டம்: கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரத்து நிறுவனங்கள், பாடலாசிரியர்கள், கன்ட்ரி வானொலி நிலையங்கள், கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் போன்ற அமைப்புகள்.
4. அடையாளம்: பாடகர் எந்த ஊர், எந்த வாழ்க்கையிலிருந்து வருகிறார் என்பது.

மஸ்கிரேவ்ஸ் விவகாரத்தில் வாதிட்ட இரு தரப்பும் இந்த நான்கையும் ஒரே சொல்லால் குறித்தார்கள். குழப்பத்தின் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது.

எதிர்பார்ப்பை உருவாக்கிய முந்தைய ஆல்பம்

மஸ்கிரேவ்ஸ் 1988-இல் பிறந்தவர். கிழக்கு டெக்சஸில் கோல்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். 2013-இல் வெளிவந்த ‘சேம் டிரெய்லர் டிஃபரண்ட் பார்க்’ அவருக்குச் சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமியைப் பெற்றுத் தந்தது. சிற்றூர் வாழ்க்கையின் சலிப்பைச் சிரித்த முகத்தோடு குத்திக்காட்டும் எழுத்து அவருடையது. மேலே சொன்ன இரண்டாவது அளவுகோலில், அதாவது பாடல் எழுதும் முறையில், அவர் கன்ட்ரி மரபின் நேர் வாரிசு என்பதை யாரும் மறுத்ததில்லை.

2018 மார்ச்சில் வந்த ‘கோல்டன் ஹவர்’ அவரை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோனது. டேனியல் டாஷியன், இயன் ஃபிட்சக் ஆகிய இருவரும் அவருடன் சேர்ந்து தயாரித்த அந்த ஆல்பத்தில், ஒரு பாடலில் பேஞ்சோவும் குரலை இயந்திர ஒலியாக்கும் வோகோடரும் அருகருகே வருகின்றன; இன்னொரு பாடல் அப்பட்டமான டிஸ்கோ. புதிதாகத் திருமணமான ஒருவரின் மலர்ச்சி ஆல்பம் முழுவதும் பரவிக் கிடந்தது. 2019 பிப்ரவரியில் நடந்த கிராமி விழாவில் அது ஆண்டின் சிறந்த ஆல்பம், சிறந்த கன்ட்ரி ஆல்பம் என இரு பெரிய விருதுகளை வென்றது. தனிப்பாடல்களுக்கான கன்ட்ரி விருதுகள் இரண்டும் சேர்ந்து அன்றிரவு மொத்தம் நான்கு. முந்தைய நவம்பரில் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனும் அதையே ஆண்டின் ஆல்பமாகத் தேர்ந்திருந்தது.

வோகோடரும் டிஸ்கோவும் இருந்த ஓர் ஆல்பத்தை ரெக்கார்டிங் அகாடமியும் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனும் தயக்கமின்றிக் கன்ட்ரி என்று ஏற்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே தயாரிப்பாளர்களுடன் அவர் செய்த ஆல்பம்தான் வாசலில் நிறுத்தப்பட்டது.

‘ஸ்டார்-கிராஸ்ட்’: உள்ளே என்ன இருக்கிறது

இடைப்பட்ட காலத்தில் அந்தத் திருமணம் முறிந்தது. பாடகர் ரஸ்டன் கெல்லியை 2017 அக்டோபரில் மணந்த மஸ்கிரேவ்ஸ், 2020 ஜூலையில் விவாகரத்துக்கு மனு செய்தார். அந்த முறிவே புதிய ஆல்பத்தின் பொருள். ‘ஸ்டார்-கிராஸ்ட்’ என்பது ஷேக்ஸ்பியர் தன் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ நாடகத்தின் முன்னுரையில் அந்தக் காதலர்களுக்குச் சூட்டிய அடைமொழி. கிரகங்களே குறுக்கே நின்ற ஜோடி என்று பொருள்கொள்ளலாம். ஜாதகம் பார்க்கும் ஊரில் இதற்கு உரை தேவையில்லை. பதினைந்து பாடல்களையும் அவர் ஒரு பண்டைய துன்பியல் நாடகம் போல மூன்று அங்கங்களாக வகுத்தார். கூடவே ஏறத்தாழ ஐம்பது நிமிடத் திரைப்படம் ஒன்றும் வந்தது.

ஒரே கதையையோ கருத்தையோ தொடக்கம் முதல் முடிவு வரை பாடல்கள் சுமந்து செல்லும் இத்தகைய தொகுப்பைக் ‘கான்செப்ட் ஆல்பம்’ என்பார்கள். முதல் அங்கம் திருமணத்துக்குள் இருக்கும் மூச்சுமுட்டலைச் சொல்கிறது: நல்ல மனைவியாக நடந்துகொள்ளத் தனக்குத் தானே நினைவூட்டிக்கொள்ளும் ஒரு பெண், பொறுப்புகள் இல்லாத பதின்பருவ நாள்களுக்கு ஏங்குகிறாள். நடு அங்கத்தில் உடைவு. கைபேசியில் உள்ள பழைய படங்களைத் தேதிவாரியாகத் தள்ளிக்கொண்டே போய்த் துக்கத்தைத் தேடிக்கொள்வதைப் பற்றிய ‘கேமரா ரோல்’ இங்கே வருகிறது. பெண்ணின் சம்பாத்தியத்தில் ஈர்க்கப்பட்டுப் பின்பு அதற்கே அஞ்சும் ஆணைப் பற்றிய ‘பிரெட்வின்னர்’ என்ற பாடலும் இங்கேதான். மூன்றாம் அங்கம் மெதுவான மீட்சி.

ஒலியைப் பொறுத்தவரை, ஆல்பம் ஒரே வகையில் நிற்பதில்லை. தலைப்புப் பாடல் கோரஸ் குரல்களுடனும் ஸ்பானியச் சாயல் கொண்ட நைலான் தந்திக் கிட்டாருடனும் திறக்கிறது. நடுவே கணினியில் கோத்த தாளங்கள், மங்கலான சின்தசைசர் படலம், அவற்றுக்கிடையே கிட்டார் மட்டும் துணைவரும் எளிய பாடல்கள். இறுதிக்கு முந்தைய பாடலில் டிஸ்கோ தாளத்தின் மீது ஒரு புல்லாங்குழல் நீண்ட தனி ஆவர்த்தனம் நடத்துகிறது. முடிவாக, சிலி நாட்டுக் கலைஞர் வியோலெத்தா பார்ரா 1966-இல் வெளியிட்ட ‘கிராசியாஸ் ஆ லா விடா’ பாடலை மஸ்கிரேவ்ஸ் ஸ்பானிய மொழியிலேயே பாடுகிறார். பழைய இசைத்தட்டின் கரகரப்பில் தொடங்கும் அந்தக் குரல் போகப்போக இயந்திரத்தால் சிதைக்கப்பட்டு, பிறகு தெளிகிறது. வாழ்வுக்கு நன்றி சொல்லும் அந்தப் பாடலை எழுதிய பார்ரா அடுத்த ஆண்டே தன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதை அறிந்தவர்களுக்கு, ஒரு பிரிவுக் கதையின் முடிவில் அது வருவது வெறும் ஆறுதலாகப் படாது.

பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால் இதைவிடக் கன்ட்ரியான ஒன்று கிடைப்பது அரிது. விவாகரத்து, கன்ட்ரி இசையின் பழம்பெரும் விளைநிலம். 1968-இல் கன்ட்ரி பாடகி டாமி வைனெட் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் பாடியே கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தார். வடிவத்துக்கும் முன்னோடி உண்டு. கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் 1974-இல் வெளியிட்ட ‘ஃபேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்’ ஒரு மணமுறிவை இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மனைவியின் பார்வையிலும் மறுபக்கத்தில் கணவனின் பார்வையிலும் சொன்ன கான்செப்ட் ஆல்பம். அதைத் தயாரித்தவர் ரிதம் அண்ட் புளூஸ் இசையில் பெயர்பெற்ற ஜெரி வெக்ஸ்லர். பதிவானது நாஷ்வில்லில் அல்ல, கறுப்பின சோல் இசைக்குப் புகழ்பெற்ற அலபாமாவின் மஸில் ஷோல்ஸில். இன்று அது கன்ட்ரியின் செவ்வியல் படைப்புகளில் ஒன்றாகவே எண்ணப்படுகிறது.

கிராமியின் தராசு

ரெக்கார்டிங் அகாடமியின் முடிவைப் புரிந்துகொள்ள அதன் நடைமுறையைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

1. இசை நிறுவனமோ உறுப்பினரோ ஆல்பத்தை ஒரு பிரிவில் போட்டிக்கு அனுப்புகிறார். 64-ஆம் கிராமிக்கு 2020 செப்டம்பர் 1 முதல் 2021 செப்டம்பர் 30 வரை வெளியானவை தகுதி பெற்றன. ‘ஸ்டார்-கிராஸ்ட்’ அந்த எல்லைக்குள் வந்தது.
2. அனுப்பப்பட்ட ஆல்பங்களை ‘ஸ்கிரீனிங் கமிட்டி’ எனப்படும் துறைசார்ந்தோர் குழு கேட்கிறது. தரத்தை மதிப்பிடுவது அதன் வேலையில்லை. அனுப்பிய பிரிவு பொருந்துகிறதா என்பதை மட்டும் அது முடிவு செய்கிறது.
3. கன்ட்ரி ஆல்பம் என்ற தகுதிக்கு, மொத்த ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் கன்ட்ரி இசையாக இருக்க வேண்டும்.
4. தனிப்பாடல்கள் ஆல்பத்திலிருந்து பிரித்துத் தனியே மதிப்பிடப்படுகின்றன.
5. இந்த வகைப்படுத்தல் முடிந்த பிறகே வாக்காளர்களின் கைக்குப் பட்டியல் போகிறது.

மூன்றாவது, நான்காவது படிகளைச் சேர்த்துப் பார்த்தால் புதிரின் ஒரு பாதி அவிழ்ந்துவிடும். பதினைந்து பாடல்களில் சில கன்ட்ரி என்று குழு கருதியிருந்தாலும், அவை நேரக் கணக்கில் பாதியைத் தாண்டவில்லை என்று முடிவானால், ஆல்பம் வெளியேற்றப்படும். பாடல் உள்ளே இருக்கும். ‘கேமரா ரோல்’ அப்படித்தான் சிறந்த கன்ட்ரி பாடல், சிறந்த கன்ட்ரி தனிக்குரல் ஆகிய இரு பிரிவுகளில் பரிந்துரை பெற்றது. ஆல்பத்துக்குப் பாப் பிரிவில்கூடப் பரிந்துரை கிடைக்கவில்லை. 2022 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நடந்த விழாவில் அந்த இரு கன்ட்ரி விருதுகளும் கிறிஸ் ஸ்டேபிள்டனுக்குப் போயின.

விதி தெளிவாக இருப்பதுபோல் தோன்றினாலும் அதன் அடித்தளம் ஆடிக்கொண்டிருக்கிறது. ஒரு பாடலின் நான்கு நிமிடத்தில் எத்தனை விநாடி கன்ட்ரி என்று அளக்க எந்தக் கருவியும் இல்லை. கேட்பவரின் காதுதான் தராசு. யுனிவர்சல் நிறுவனத்தின் நாஷ்வில் பிரிவுத் தலைவராக அப்போது இருந்த சிண்டி மேப், அகாடமிக்கு எழுதிய எதிர்ப்புக் கடிதத்தில் இந்த இடத்தைத்தான் தொட்டார். விருது வென்ற ‘கோல்டன் ஹவர்’ ஆல்பத்தைவிட இதில் கன்ட்ரி வாத்தியங்கள் கூடுதல் என்றும், தயாரித்த குழு அதே குழுதான் என்றும் அவர் வாதிட்டார். அவர் தன் நிறுவனத்தின் ஆல்பத்துக்காகப் பேசுகிறார் என்பதை மறந்துவிட வேண்டாம். ஆயினும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதில்லை: அளவுகோல் ஒலி என்றால் 2019-இல் கதவு ஏன் திறந்தது?

மஸ்கிரேவ்ஸ் நீண்ட விளக்கம் எதுவும் தரவில்லை. பெண்ணைக் கன்ட்ரி வகையிலிருந்து வெளியே எடுக்கலாம், பெண்ணிடமிருந்து கன்ட்ரியை எடுக்க முடியாது என்ற பொருளில் ஒரு பழைய வழக்குத்தொடரைத் திருப்பிப் போட்டுச் சமூக ஊடகத்தில் எழுதியதோடு நிறுத்திக்கொண்டார். மேலே சொன்ன நான்கு அளவுகோல்களில் அவர் நான்காவதைக் கையில் எடுத்தார்; அகாடமி முதலாவதைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரு தரப்பும் பேசியது ஒன்றைப் பற்றியே இல்லை.

பில்போர்டின் பட்டியல் வேறொரு தேவைக்கானது. எந்த ஆல்பம் எவ்வளவு விற்றது, எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதை அது வகைவாரியாகக் காட்டுகிறது. நாஷ்வில் நிறுவனம் ஒன்றின் பங்கேற்போடு ஒரு கன்ட்ரி பாடகி வெளியிட்ட ஆல்பத்தை அங்கே கன்ட்ரி வரிசையில் வைப்பதால் யாருக்கும் இழப்பில்லை. விருது அப்படியல்ல, ஒரு ஆல்பத்தை உள்ளே விட்டால் இன்னொன்றுக்கு இடம் போகும்.

கேட்டவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள்

அமைப்புகளின் கணக்கு ஒருபுறம் இருக்க, ரசிகர்களின் பிளவுதான் கூர்ந்து பார்க்க வேண்டியது. ஒட்டுமொத்தப் பட்டியலான பில்போர்டு 200-இல் ஆல்பம் மூன்றாம் இடத்தில் நுழைந்தது; ‘கோல்டன் ஹவர்’ நுழைந்தது நான்காம் இடத்தில். எனவே மக்கள் கேட்காமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. விமர்சகர்களும் பெரும்பாலும் பாராட்டினார்கள். ஆனால் முந்தைய ஆல்பத்துக்குக் கிடைத்த ஒருமித்த வியப்பு இம்முறை இல்லை. எதிர்வினைகளைப் படித்தால் மூன்று வகைக் கேட்போர் தென்படுகிறார்கள்.

1. முதல் இரண்டு ஆல்பங்களின் கூர்மையான சிற்றூர்ப் பாடல்களுக்காக வந்தவர்கள். இவர்கள் ‘கோல்டன் ஹவர்’ காலத்திலேயே சற்று விலகியவர்கள். புதிய ஆல்பத்தில் இவர்கள் தேடியது சொல்விளையாட்டை. கிடைத்தது நாட்குறிப்பு போன்ற நேர்ப்பேச்சு.

2. ‘கோல்டன் ஹவர்’ வழியாக வந்தவர்கள். எண்ணிக்கையில் பெரியதும் ஏமாற்றத்தை உரக்கச் சொன்னதும் இந்தக் கூட்டம்தான். இவர்களில் பலர் அதற்கு முன் கன்ட்ரி இசையே கேட்காதவர்கள். அந்த ஆல்பத்தின் கதகதப்பு மீண்டும் கிடைக்கும் என்று வந்தவர்களை ஒரு தளர்ந்த குரல் வரவேற்றது.

3. மணமுறிவையோ பெரும் பிரிவையோ கடந்து வந்தவர்கள். ஆல்பத்தை விடாமல் பற்றிக்கொண்டவர்கள் இவர்கள். மற்றவர்கள் குறையாகச் சொன்ன அதே சமநிலைத் தொனியை, அழுது ஓய்ந்த பிறகு வரும் நிலை என்று இவர்கள் அடையாளம் கண்டார்கள்.

இரண்டாம் வகையினரின் ஏமாற்றத்தில் ஒரு விந்தை உண்டு. அவர்களில் பலர் அதை ‘இது கன்ட்ரி இல்லை, பாப்’ என்ற சொற்களால் வெளிப்படுத்தினார்கள். ஆனால் அவர்கள் கொண்டாடிய ‘கோல்டன் ஹவர்’ ஆல்பத்திலும் பாப் தாராளமாக இருந்தது. இங்கே மாறியது இசை வகையைவிட மனநிலை என்றே தோன்றுகிறது. மகிழ்ச்சியில் தோய்ந்த ஓர் ஆல்பத்தில் டிஸ்கோ வந்தால் அது விளையாட்டாகவும் துணிச்சலாகவும் கேட்கிறது. துயரத்தில் தோய்ந்த ஆல்பத்தில் அதே மின்னணு ஒலி வந்தால் அது குளிர்ச்சியாகவும் அந்நியமாகவும் கேட்கிறது. மனம் ஒட்டாததற்குக் காரணம் தேடும் கேட்பவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சொல் ‘பாப்’.

கன்ட்ரிக்குத் துயரம் புதிதில்லையே என்று கேட்கலாம். புதிதில்லைதான், ஆனால் அந்த மரபின் துயரத்துக்கு ஒரு வழக்கமான உடுப்பு உண்டு. மதுக்கடை மேசை, மழை, நெடுஞ்சாலை, விம்மும் பெடல் ஸ்டீல், தொண்டை உடையும் இடத்தில் உடையும் குரல். நமக்கு முகாரி என்றால் எதை எதிர்பார்ப்போமோ அப்படி அங்கும் ஓர் எதிர்பார்ப்பு உண்டு. மஸ்கிரேவ்ஸின் குரல் இயல்பிலேயே அப்படி உடைவதில்லை. கண்ணாடிபோல் தெளிவாகவும் மட்டுப்பட்டும் ஒலிப்பது. முந்தைய ஆல்பத்தில் அந்தத் தெளிவு அமைதியாகப் பொருள்பட்டது. இதில் மரத்துப்போன நிலையாகப் பொருள்படுகிறது. சில பாடல்கள் அந்த மரப்பை வேண்டுமென்றே பயன்படுத்துகின்றன. ‘கேமரா ரோல்’ அதற்கு நல்ல சான்று. வேறு சிலவற்றில், குறிப்பாக முதல் அங்கத்தின் நடுத்தர வேகப் பாடல்களில், அது வெறும் தட்டைத்தன்மையாக நின்றுவிடுகிறது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. மூன்று அங்க நாடகம் என்ற பெரிய சட்டகமும் எல்லாப் பாடல்களுக்கும் பொருந்தவில்லை. அறிவிப்பில் இருந்த துன்பியல் நாடகத்தின் உச்சம் இசையில் எங்கே வருகிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

வானொலி இந்தக் கதையில் பெரிய பாத்திரம் இல்லை. கன்ட்ரி வானொலி ‘கோல்டன் ஹவர்’ பாடல்களையே அதிகம் ஒலிபரப்பவில்லை. 2015-இல் வானொலி ஆலோசகர் ஒருவர் பெண் பாடகர்களைச் சாலட்டில் ஆங்காங்கே போடும் தக்காளிக்கு ஒப்பிட்டுச் சிக்கலில் மாட்டிய துறை அது. மஸ்கிரேவ்ஸ் வானொலியை நம்பாமலே மேலே வந்தவர் என்பதால், அங்கே இழக்க அவரிடம் அதிகம் இல்லை.

எல்லைக்காவல் புதிதல்ல

கன்ட்ரியின் வேலி எப்போது யாருக்கு எதிராக எழுப்பப்பட்டது என்பதைச் சில நிகழ்வுகள் காட்டுகின்றன. 1950-களின் இறுதியில் செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்ற தயாரிப்பாளர்கள் ஃபிடிலையும் பேஞ்சோவையும் ஓரங்கட்டி, வயலின் குழுவையும் மெல்லிய கோரஸையும் கொண்டுவந்தபோது அது ‘நாஷ்வில் சவுண்ட்’ என்று உள்ளிருந்தே ஏற்கப்பட்டது. 1962-இல் கறுப்பினப் பாடகர் ரே சார்ல்ஸ் கன்ட்ரி பாடல்களையே எடுத்து, அதேபோன்ற வயலின்களுடன் பாடி நாட்டின் பாப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது, கன்ட்ரி பட்டியலில் அவருக்கு இடமில்லை. 1974-இல் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன்-ஜான் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் சிறந்த பெண் பாடகர் விருதை வென்றதும், அதை எதிர்த்து நாஷ்வில் கலைஞர்கள் தனிச் சங்கமே தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு மேடையில் விருது அறிவிக்க வந்த கன்ட்ரி பாடகர் சார்லி ரிச், வெற்றி பெற்ற பாப் சாயல் பாடகர் ஜான் டென்வரின் பெயர் இருந்த தாளைத் தீக்கொளுத்தி அறிவித்தார். ரிச்சின் சொந்த வெற்றிகளே வழவழப்பான பாப் சாயல் கொண்டவை என்பதுதான் வேடிக்கை.

அண்மைக் காலத்தில், 2019 மார்ச்சில் கறுப்பின ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸ் பாடிய ‘ஓல்டு டவுன் ரோடு’ பில்போர்டின் கன்ட்ரி பாடல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது; பிறகு அது ஒட்டுமொத்தப் பட்டியலில் 19 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. கன்ட்ரி பாடகர் ஸ்டர்ஜில் சிம்ப்சனின் கதை மஸ்கிரேவ்ஸ் கதைக்கு இன்னும் நெருக்கம்: 2017-இல் சிறந்த கன்ட்ரி ஆல்பம் விருது வென்ற அவர், 2019-இல் வெளியிட்ட இரைச்சல் மிகுந்த ‘சவுண்ட் அண்ட் ஃப்யூரி’ ஆல்பத்துக்கு ராக் பிரிவில் பரிந்துரை பெற்றார். ஆனால் அவருடைய ஆல்பம் உண்மையிலேயே மின்கிட்டார் ராக். அதை ராக் என்று சொன்னதில் விவாதிக்க அதிகம் இல்லை.

இந்த வரிசையில் கறுப்பினக் கலைஞர்களின் வழக்குகளையும் மஸ்கிரேவ்ஸின் வழக்கையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது. ரே சார்ல்ஸும் லில் நாஸ் எக்ஸும் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள். அதில் 1920-களின் இரண்டு அலமாரிகளின் நிழல் இருக்கிறது. மஸ்கிரேவ்ஸ் வீட்டுக்குள் பல ஆண்டுகள் இருந்து, விருதுகள் வாங்கி, ஒரு முறை மட்டும் வெளியே நிறுத்தப்பட்டவர்.

அதன் பிறகு

வெளியே நிறுத்தப்பட்டது நீடிக்கவும் இல்லை. 2023-இல் பாடகர் ஸாக் பிரையனுடன் அவர் பாடிய ‘ஐ ரிமெம்பர் எவ்ரிதிங்’ ஒட்டுமொத்தப் பாடல் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்து, அடுத்த ஆண்டு சிறந்த கன்ட்ரி இணைக்குரல் விருதைப் பெற்றது. 2024 மார்ச்சில் ‘டீப்பர் வெல்’ வந்தது. நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஒலிப்பதிவுக் கூடத்தில் பெரும்பகுதி உருவான, ஃபோக் சாயல் மிகுந்த ஆல்பம் அது. அதைக் கன்ட்ரி பிரிவில் அகாடமி தடையின்றி ஏற்றது. அதிலுள்ள ‘தி ஆர்க்கிடெக்ட்’ 2025 பிப்ரவரியில் சிறந்த கன்ட்ரி பாடலானது. அதே விழாவில் சிறந்த கன்ட்ரி ஆல்பமாகவும் ஆண்டின் ஆல்பமாகவும் தேர்வானது பியான்சேயின் ‘கவ்பாய் கார்ட்டர்’; ராப், ஆப்பரா, ராக் என்று ‘ஸ்டார்-கிராஸ்ட்’ தொட்டும் பார்க்காத எல்லைகளைத் தாண்டிய ஆல்பம் அது. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனோ அந்த ஆல்பத்துக்கு ஒரு பரிந்துரைகூட அளிக்கவில்லை.

2025 ஜூனில் அகாடமி சிறந்த கன்ட்ரி ஆல்பம் என்ற விருதை இரண்டாகப் பிரித்தது: மரபான கன்ட்ரிக்கு ஒன்று, சமகாலக் கன்ட்ரிக்கு ஒன்று. கலப்பு இசைக்கு இனி ஓர் அறை உண்டு என்று இதை வாசிக்கலாம். ஆனால் ஒரு ஆல்பம் எந்த அறைக்குரியது, அந்த வீட்டுக்கே உரியதா என்பதை இப்போதும் அதே ஸ்கிரீனிங் கமிட்டிதான் காதால் கேட்டுத் தீர்மானிக்கிறது. முன்பு ஒரு கோடு இருந்த இடத்தில் இப்போது இரண்டு கோடுகள் இருக்கின்றன.